மலையும் மிதிவண்டியும்

சைக்கிள் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது தார்ச்சாலை. அந்தச் சாலையை விட்டு, கல்லும் வேரும் சேறும் நிறைந்த மலைப்பாதையில் சைக்கிளைச் செலுத்தும் பழக்கம் ஒன்றும் உலகில் உண்டு. அதைத் தொழிலாகக் கொண்டு பந்தயங்களில் பொருள் ஈட்டுவோர் இருக்கின்றனர். நான் அவர்களைச் சேர்ந்தவன் அல்லன். நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே வசிப்பவன். ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வாரத்தில் நான்கு நாள், அலுவலகம் திறக்கும் முன், தேயிலைத் தோட்டங்களின் நடுவே செல்லும் மண்பாதைகளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீடு திரும்புவேன். இதனால் எனக்குப் பரிசும் இல்லை, பட்டமும் இல்லை. நல்ல பசி மட்டும் உண்டு.

என்னைக் காண்போர் கேட்கும் முதற்கேள்வி, "இந்த மேட்டில் எப்படித்தான் ஏறுகிறீர்கள்?" என்பது. எப்படி இறங்குகிறீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. இறங்குவதற்கு என்ன, வண்டி தானே ஓடும் என்பது அவர்கள் எண்ணம். மாணவ நண்பர்களே, இந்தக் கலையின் கடினமான பகுதி அந்தக் கேட்கப்படாத கேள்வியில்தான் இருக்கிறது. ஆகவே ஏற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இறக்கத்திற்கு வருகிறேன்.

ஏற்றத்தை எளிதாக்குவது பல்சக்கரம். ஊரில் ஓடும் சாதாரண சைக்கிளில் பெடலோடு சேர்ந்த சக்கரத்திற்கு 44 பற்களும், பின்சக்கரத்தில் 18 பற்களும் உள்ளன என்று கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும்; வண்டி ஐந்து மீட்டருக்குமேல் நகரும். என் வண்டியில் முன்னே 32 பற்கள். பின்னே உள்ள பல்சக்கரங்களில் மிகப் பெரியதற்கு 48 பற்கள். பெடல் ஒரு சுற்றுக்கு, வண்டி ஒன்றரை மீட்டர்தான் நகரும். தூரத்தை விட்டுக்கொடுத்து வலிமையைப் பெறுகிறோம். நெம்புகோலைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்களே, அதே வியாபாரந்தான். எஞ்சியது மூச்சைப் பொறுத்தது. கோத்தகிரி கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கே. சமவெளியிலிருந்து வரும் நண்பர்கள் முதல் மேட்டிலேயே கற்சுவரில் அமர்ந்துவிடுவது இதனால்தான்.

இனி இறக்கம். நானும் வண்டியும் சேர்ந்து 85 கிலோகிராம். 300 மீட்டர் உயரம் இறங்குகிறோம் என்றால், ஏறும்போது சேமித்த ஆற்றலையெல்லாம் எங்கேனும் செலவழித்தாக வேண்டும். 85, 9.8, 300 ஆகிய மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 2,50,000 ஜூல் வரும். முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். காற்றும் மண்ணும் தம் பங்கை ஏற்றுக்கொள்ளும்; மிகுதியெல்லாம் பிரேக்கிற்கு. பிரேக்கோ, இரண்டு மில்லிமீட்டர் கனங்கூட இல்லாத எஃகுத் தகடுகள் இரண்டு. நீண்ட இறக்கத்தின் முடிவில் அத்தகட்டின்மேல் ஒரு துளி நீர் தெளித்தால், தோசைக்கல்லில் விழுந்ததுபோல் சீறி மறையும்.

இந்த வெப்பந்தான் இவ்விளையாட்டின் வரலாற்றையே தொடங்கிவைத்தது எனலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்ஸிஸ்கோவிற்கு வடக்கே, மரின் என்ற மாவட்டத்தில் தமால்பைஸ் என்னும் மலை இருக்கிறது. (பெயரின் ஒலியைக் கேட்டு நம் மொழியோடு உறவு கொண்டாட வேண்டா, அது அந்நிலத்துப் பழங்குடி மக்களின் சொல்.) 1970களில் அங்கே சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட பருத்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, காட்டுத்தீ அணைக்க வெட்டிய மண்சாலைகளில் இறங்கி விளையாடினர். அவ்வட்டாரத்தில் ஒரு சரிவு ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் தூரத்திற்குள் 400 மீட்டர் இறங்குவது. 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அதில் முதற்பந்தயம் நடந்தது. அந்த வண்டிகளின் பிரேக் பின்சக்கரத்தின் நடுக்குடத்திற்குள் இருந்தது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் வண்டி நிற்கும். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் குடத்திலிருந்த கிரீஸ் காய்ந்து புகையாகிவிடும். மறுமுறை ஓட்டுவதற்குமுன் குடத்தைப் பிரித்து, மீண்டும் கிரீஸை அடைக்க வேண்டும். மீண்டும் அடைப்பது என்பதற்கான ஆங்கிலச் சொல்லே அப்பாதைக்குப் பெயராயிற்று. இன்றளவும் அதற்கு 'ரீபேக்' என்றுதான் பெயர். அடுத்த ஆண்டே ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கெனவே புதிய சட்டம் ஒன்றை வடிவமைத்துக் கட்டினார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிகளில் இவ்விளையாட்டும் இடம்பெற்றது. நிற்க இயலாத வண்டிகளை நிற்கச்செய்யும் முயற்சியிலிருந்து வளர்ந்தது இது என்று சொன்னால் மிகையாகாது.

பிரேக் நல்லதாயிருந்தால் மட்டும் போதுமா? போதாது. பிரேக்கை அழுத்தும்போது உடலின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரம் நிலத்தை இறுகப் பற்றுகிறது, பின்சக்கரம் இலேசாகிறது. ஆதலால் வண்டியை நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. "முன்பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவாய்" என்று சிறுவயதில் நமக்குச் சொல்லப்பட்டது பாதி உண்மை. இருக்கையிலிருந்து எழுந்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலையும் முழங்கையையும் தளர மடக்கி நின்றால் அதே முன்பிரேக் நம்மைக் காக்கும். ஆனால் வளைவில், சரளைக்கல்லின்மேல், அதை இறுக்கினால் சக்கரம் வழுக்கிவிடும். எனவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடவேண்டும். இறக்கம் முழுவதும் பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே வருவோர் பலர். அஃது எச்சரிக்கைபோல் தோன்றும். தகடு குளிர நேரமே கிடைக்காது. அழுத்தவேண்டிய இடத்தில் நன்றாக அழுத்தி, விடவேண்டிய இடத்தில் முற்றிலும் விடுவதே முறை.

பின்பிரேக்கை ஒரேயடியாக இறுக்கி, சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டு போகும்படி செய்வதில் இளைஞர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. புழுதி பறக்கும்; சத்தமும் வரும். எனக்கு அதைக் கண்டால் கோபம் வருகிறது. உருளும் சக்கரத்தைத் திருப்பலாம். உருளாத சக்கரம் நம் சொல்லைக் கேளாது. அது மட்டுமன்று. அச்சக்கரம் மண்ணில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகிறது. அடுத்த மழையில் நீர் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து அதன்வழியே ஓடும். விரலளவு கோடு சாணளவு ஓடையாக நெடுநாள் ஆவதில்லை. நீலகிரியின் சரிவுகளில் நீர் தன் விருப்பம்போல் வழி தேடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2009ஆம் ஆண்டு நவம்பரில் கண்டோம். சில நாள் பெய்த பெருமழையில் மலைச்சரிவுகள் பல இடங்களில் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பேரழிவு சைக்கிளால் வந்ததன்று. ஆயினும் நீர் இறங்கும் பாதையைப் பற்றி இங்கு எவரும் விளையாட்டாகப் பேசுவதில்லை. மழை ஓய்ந்து மண் இறுகும்வரை என் வண்டி திண்ணையில்தான் நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் தொடர்ந்து இரண்டு வாரம் அப்படி நிற்பதும் உண்டு. அந்நாட்களில் வீட்டார் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

மேலும் அந்தப் பாதை எனக்காக வெட்டப்பட்டதன்று. காலை ஏழரைக்குக் கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையும் கோணியுமாக வருவார்கள். திருப்பத்தில் அவர்கள் இருப்பது தெரியாது. ஆகவே திருப்பத்திற்கு முன் மணி அடித்து, நடைவேகத்திற்கு இறங்கிவிடுவேன். "ரோடு இருக்கும்போது உனக்கு ஏன் தம்பி இந்தப் பாடு?" என்று ஒரு மூதாட்டி வாரந்தோறும் கேட்பார். ஒவ்வொரு வாரமும் வேறொரு பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எதுவும் அவருக்குத் திருப்தியளிக்கவில்லை.

பெண்களைவிடவும் முன்னரே எழுந்து வருவது காட்டெருமை. வளர்ந்த ஆண் எருமை ஒரு டன் எடையை நெருங்கும். பனிமூட்டத்தில் கரும்பாறை என்று எண்ணும் ஒன்று திடீரெனத் தலையை உயர்த்தும். அப்போது நின்று, ஓசையின்றிப் பின்வாங்கி, அது போகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தத் தூரத்தில் நிற்க இயலுமா என்பதே முழுக் கேள்வி. ஐம்பது அடிக்கு அப்பால் காணப்படும் விலங்கை முப்பது அடியில் நின்று வணங்குவதற்கும், மூன்றடியில் போய் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. காப்புக் காடுகளுக்குள் வனத்துறையின் அனுமதியின்றிச் செல்வது சட்டப்படி குற்றம். ஆதலால் தோட்டத்தாரிடம் கேட்டுக்கொண்டு தோட்டப் பாதைகளிலும், ஊர்ப் பொதுவழிகளிலுமே ஓட்டுகிறேன்.

புறப்படுமுன் செய்யும் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். பந்தயச் சாலைச் சைக்கிளின் டயரைப்போல் கல்லாக இருக்கக் கூடாது. சதுர அங்குலத்திற்கு 25 ராத்தல் அளவு காற்றுப் போதும். மெத்தென்ற டயர் கல்லை விழுங்கி உருளும். விறைத்த டயர் கல்லின்மேல் துள்ளும், துள்ளும் சக்கரம் நிலத்தைத் தொடாதாகையால் பிரேக்கும் பயன்படாது. பிறகு பிரேக்குக் கட்டைகளின் தேய்மானம். உலோகப் பின்தகடு தெரியும்வரை காத்திருத்தல் ஆகாது. செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு துளி தகட்டில் பட்டாலும் கட்டைகள் பாழ். ஆகவே எண்ணெய் விடும்போது தகட்டைத் துணியால் மூடிவிடுவேன்.

இதற்கு விலையுயர்ந்த வண்டி வேண்டுமே என்று நீங்கள் அயர வேண்டா. நிறுத்தும் பாடத்தைப் பள்ளி மைதானத்தில், உள்ள வண்டியைக்கொண்டே பயிலலாம். பிரேக்குகள் இரண்டும் செம்மையாயிருக்கின்றனவா என்று பார்த்து, தலைக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழியுங்கள். நடுத்தர வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பின்பிரேக்கை மட்டும் அழுத்தி, நின்ற இடத்தை அளந்து குறியுங்கள். அடுத்து அதே வேகத்தில் வந்து, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, இரண்டையும் சேர்த்து மெதுமெதுவாக இறுக்குங்கள். பத்துமுறை செய்து, இரு தூரங்களையும் குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள். ஒருமுறை வறண்ட தரையிலும், மறுமுறை மழைக்குப் பின் ஈரத் தரையிலும் செய்தால் கணக்கு இன்னும் சுவைபடும்.