மாலா மாத்திரையும் மலைக்குடிப் பெண்களும்

கேரளத்தின் காந்தலூர் என்றதும் நம்மூர்ப் பயணிகளுக்கு ஆப்பிள் தோட்டமும் மலைப்பூண்டும்தான் நினைவுக்கு வரும். உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரலாம். 2023-ல் ஒன்றியச் சுற்றுலா அமைச்சகம் சிறந்த சுற்றுலா கிராமத்துக்கான தங்கப் பரிசை இந்த ஊருக்குக் கொடுத்தது. சாலை முடிந்த பிறகும் ஊர் முடிவதில்லை. காட்டுக்குள் முதுவர் குடிகள் இருக்கின்றன. மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்துகொண்டு மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லும் மக்கள் இவர்கள். பேசுவது தமிழின் ஒரு கிளைமொழி. கேப்பை விதைப்பதும் தைலப்புல் அறுத்து எண்ணெய் வடிப்பதும் இவர்களுடைய பிழைப்பு.

இந்தக் குடிகளில் மாதவிலக்கான பெண் வீட்டில் தங்கக் கூடாது. குடியை விட்டு ஒதுங்கி நிற்கும் வாலாமைப்புரை என்ற குடிசையில், ஆண்களின் கண்ணில் படாமல் அந்த நாட்களைக் கழிக்க வேண்டும். பிரசவம்கூட அங்கே நடப்பதுண்டு. உயரமான மலை, எலும்பைத் துளைக்கும் குளிர், சுற்றிலும் காட்டு விலங்குகள். குழந்தை வீட்டில் அழும். அன்றைய கூலியும் போகும். இதிலிருந்து தப்பப் பெண்கள் கண்டுபிடித்த வழிதான் மாலா-டி, மாலா-என் கருத்தடை மாத்திரைகள். மறையூர், காந்தலூர், இடமலைக்குடிப் பகுதிகளில் இது பல ஆண்டுகளாகவே செய்தியாகி வருகிறது.

அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மொத்தம் 28 மாத்திரைகள். வெள்ளை நிறத்தில் 21. ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராம். மீதி ஏழும் பழுப்பு நிற இரும்புச்சத்து மாத்திரைகள். வெள்ளை மாத்திரை கொடுக்கும் ஹார்மோன் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை அடக்கிவைக்கிறது. கருமுட்டை வெளிவருவது நிற்கிறது. கருப்பையின் உட்சவ்வு தடிக்காமல் மெலிந்தே இருக்கிறது. பழுப்பு மாத்திரை நாட்களில் ஹார்மோன் திடீரென்று குறைவதால் அந்தச் சவ்வு உதிர்ந்து ரத்தம் படுகிறது. பழுப்பை விட்டுவிட்டு அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடங்கினால் உதிர்வது தள்ளிப்போகும். மலைப்பெண்கள் செய்வது இதைத்தான்.

இது மருத்துவம் அறியாத தந்திரம் அல்ல. இதே இரண்டு மருந்துகளை இதே அளவில் 84 நாள் தொடர்ந்து சாப்பிடும்படி அமைந்த ‘சீசனேல்’ மாத்திரைக்கு 2003-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒப்புதல் கொடுத்தது. அங்கே ஒரு பெண் வசதிக்காக மருத்துவரிடம் கேட்டு வாங்கும் மருந்தை, இங்கே இன்னொரு பெண் பயத்தில், யாரிடமும் கேட்காமல் விழுங்குகிறாள். ஆபத்து இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

மாத்திரையால் இந்தப் பெண்கள் மலடாகிவிடுகிறார்கள் என்று செய்திகளில் எழுதுகிறார்கள். நிரந்தர மலட்டுத்தன்மையை இது உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நிறுத்திய சில மாதங்களில் கருத்தரிக்கும் திறன் பெரும்பாலும் திரும்பிவிடும். கவலைப்பட வேண்டியவை வேறு. ரத்த அழுத்தம் மிக அதிகமாக உள்ள பெண்ணும், 35 வயதைக் கடந்து பீடி சிகரெட் நிறையப் பிடிப்பவளும் ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரையைத் தொடக்கூடாது. பாலூட்டும் தாய்க்குப் பிரசவமான முதல் ஆறு வாரம் கூடவே கூடாது. ஆறு மாதம்வரை தவிர்ப்பதே நல்லது. சிரைகளில் ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு என்றால், சாப்பிடுகிறவர்களில் 3 முதல் 9 பேருக்கு. சிறிய எண்தான். ஆனால் அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்க ரத்த அழுத்தக் கருவியும் நாலு கேள்வி கேட்கும் செவிலியரும் வேண்டும். நடுவில் மாத்திரையை மறந்து கரு தரித்துவிட்டால், விலக்கே வராத பெண்ணுக்கு அது தெரியவும் நாளாகும்.

இந்தக் குடிகள் இருக்கும் கேரளத்தின் சிசு மரண விகிதம் 2020-ல் ஆயிரம் பிறப்புக்கு 6. நாட்டுச் சராசரி 28. பெருமைப்பட வேண்டிய எண். இருந்தாலும் சராசரியில் மலைக்குடிப் பெண்ணின் முகம் தெரியாது.

மாத்திரை விற்பனையைக் கட்டுப்படுத்தினால் போதும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. வாலாமைப்புரையை அப்படியே வைத்துக்கொண்டு மாத்திரையை மட்டும் பிடுங்கினால், அந்தப் பெண்ணைத் திரும்பவும் குளிருக்குள் தள்ளுகிறோம் என்றுதான் பொருள். சட்டம் மட்டும் போதாது என்பதற்கு நேபாளம் சாட்சி. விலக்கான பெண்ணைக் கொட்டகைக்கு அனுப்பும் சௌபடி வழக்கத்தை அங்கே உச்ச நீதிமன்றம் 2005-ல் தடை செய்தது. 2017-ல் மூன்று மாதச் சிறை என்று சட்டமும் வந்தது. அதன் பிறகும் கொட்டகைகளில் பெண்கள் செத்தார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இத்தகைய குடிசைகளுக்குப் பதிலாகக் கட்டிலும் கழிப்பறையும் வைத்த வீடுகளைத் தொண்டு நிறுவனங்கள் கட்டிக் கொடுத்தன. வழக்கத்தையே இது நிலைக்க வைக்கும் என்ற எதிர்ப்பு நியாயமானது. ஆனாலும் இன்றிரவு அங்கே படுக்கப்போகிறவளுக்குத் தாழ்ப்பாள் உள்ள கதவு வேண்டுமே.

முதுவர்களைப் பார்த்து முகம் சுளிக்க நமக்கு உரிமையில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை அருகே அணைக்காட்டில், வயதுக்கு வந்ததால் தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி தென்னை மரம் விழுந்து இறந்தாள். அது சமவெளி. சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் இருக்கிற தஞ்சாவூர் மாவட்டம்.

நாப்கின் விநியோகத்தோடு கடமை முடிந்தது என்று துறைகள் நினைக்க வேண்டாம். குடிக்கு ஒரு முதுவர் பெண்ணுக்கே பயிற்சியும் சம்பளமும் கொடுத்து, ரத்த அழுத்தக் கருவியோடு சுகாதாரப் பணியில் அமர்த்துங்கள். மாத்திரை வேண்டும் என்பவளுக்குச் சோதித்துக் கொடுங்கள். ஆகாதவளுக்கு வேறு வழி சொல்லுங்கள். வீட்டோடு சேர்ந்த கழிப்பறையும் தண்ணீரும் கொண்டுவாருங்கள். அதோடு, குடித் தலைவர்களான காணிகளோடும் ஆண்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். இதுவரை பேசியதெல்லாம் பெண்களிடம் மட்டுமே என்றால், முடிவெடுக்கிறவர்களிடம் இன்னும் பேசவே தொடங்கவில்லை.