அம்மாவின் வழுவழு நாக்கு

"ரசத்துல மிளகை அள்ளிக் கொட்டிட்டியா? நாக்கு எரியுதுடி" என்றாள் அம்மா. நான் போட்டது அரை ஸ்பூன். மறுவாரம் தயிர்சாதமே எரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் நாக்கை நீட்டச் சொன்னேன். சொரசொரப்பே இல்லை. செக்கச் செவேலென்று, மெழுகித் துடைத்ததுபோல வழுவழுத்தது.

முதலில் பார்த்த மருத்துவர் புண்ணுக்குக் களிம்பு கொடுத்தார். எரிச்சல் அடங்கவில்லை. இரண்டாமவர் நாக்கைப் பார்த்ததும் கேட்டார்: "சர்க்கரைக்கு மெட்பார்மின் எத்தனை வருஷமாம்மா?"

"பன்னிரண்டு."

"அசைவம் உண்டா?"

"தொட்டதே இல்லை."

"பாதம் மரத்துப் போகுதா?"

அம்மா என்னைப் பார்த்தாள். என்னிடம் அதைச் சொன்னதே இல்லை.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைவு. நாக்கின் மேலுள்ள நுண்முளைகள் ஓயாமல் புதுப்பிக்கப்படுபவை. புதுச் செல் உருவாக பி12 வேண்டும். அது காய்கறியில் கிடையாது. சைவர்களுக்குப் பெரும்பாலும் பாலும் தயிரும்தான் கதி. மெட்பார்மினோ பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும். பற்றாக்குறை நீடித்தால் நரம்பும் கெடும். அதனால்தான் அந்தப் பாதக் கேள்வி.

ஊசி போட்டார்கள். சில வாரங்களில் சொரசொரப்பு திரும்பியது. பாதம் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.

நாக்கில் தெரியும் மாற்றமெல்லாம் ஆபத்தல்ல. வெள்ளைப் படிவு பெரும்பாலும் வழித்தால் போய்விடும்; தேசப்படம்போல இடம் மாறும் திட்டுகளும் ஆபத்தில்லை. ஆனால் வழித்தும் போகாத வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ இரண்டு வாரம் தாண்டினால், குறிப்பாகப் புகையிலை போடுகிறவர்கள், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டுப் பெரியவர்களின் நாக்கை இன்றே ஒருமுறை பாருங்கள்.