'சூப்பர்' எங்கே பிறந்தது?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வாயில் போட்டதும் என்ன சொல்கிறோம்? "சூப்பர்!" என்கிறோம். இந்த வார்த்தைக்கு என்ன பொருள், தெரியுமா?

'சூப்பர்' என்பது லத்தீன் சொல். 'மேலே' என்று பொருள். அவ்வளவுதான்! ருசி, அழகு எதுவும் அதில் இல்லை. இதற்கு சமஸ்கிருதத்தில் ஓர் உறவுக்காரச் சொல் உண்டு. அதுதான் 'உபரி'. அதற்கும் 'மேலே' என்றே பொருள். தேவைக்கு மேல் மிஞ்சியதை நாம் 'உபரி' என்கிறோம் அல்லவா? பட்ஜெட்டில் வரும் உபரியும் பால்கோவாவுக்குச் சொன்ன சூப்பரும் ஒரே குடும்பம்! (ஆனால் 'சூப்பரோ சூப்பர்' என்று அடுக்கிச் சொல்வது தமிழர்களின் கைவரிசை.)

இங்கிலாந்தில் மிக மெல்லிய, நேர்த்தியான துணியை 'சூப்பர்ஃபைன்' என்றார்கள். வியாபாரிகள் அதைச் சுருக்கி 'சூப்பர்' ஆக்கினார்கள். 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள், துணி மட்டும் அல்ல, எது பிடித்தாலும் 'சூப்பர்' என்று புகழத் தொடங்கிவிட்டார்கள்.

பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்கு இந்தச் சொல் புதிது அல்ல. அது நூல் மில் ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் அங்கே ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். மில் துணியை கோர்ஸ், மீடியம், ஃபைன், சூப்பர்ஃபைன் என்று அரசாங்கமே வகை பிரித்திருந்தது. 1950-களில் சூப்பர்ஃபைன் துணிக்கு வரியும் அதிகம். சும்மா ஒன்றும் 'சூப்பர்' ஆகிவிட முடியாது!

அதற்கு ஒரு கணக்கு உண்டு. 840 கஜம் நூல், ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ, அதுவே நூலின் நம்பர். 100-ம் நம்பர் நூல் என்றால் ஒரு ராத்தலில் 84,000 கஜம். அதாவது, அரைக் கிலோவுக்கும் குறைந்த நூலை நீட்டினால் ஏறக்குறைய 77 கிலோமீட்டர் போகும்!

எல்லாவற்றுக்கும் சூப்பர்ஃபைன் ஏற்றதா? இல்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அதை இடைவெளி விட்டுத் தளர்வாக நெய்ய வேண்டும். அப்போதுதான் ரத்தத்தை உறிஞ்சும். காயத்துக்குக் காற்றும் படும்.

அடுத்த முறை கடைக்காரர் "இது சூப்பர் வேட்டி" என்றால், "எந்த நம்பர் நூல்?" என்று கேளுங்கள். நம்பர் கூடினால் நூல் மெலியும்; விலை ஏறும். விசேஷத்துக்குக் கட்ட அது சரி. தினமும் கல்லில் அடித்துத் துவைப்பதற்கு, நம்பர் குறைந்த, கொஞ்சம் தடித்த நூல் வேட்டியையே வாங்குங்கள்.