கஞ்சமலை இரும்புத் தாதுக்கல்

மேக்னடைட் – குவார்ட்சைட் பாறை. கஞ்சமலை, சேலம் மாவட்டம். வயது: ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்.

கல்லில் மாறி மாறி ஓடும் பட்டைகளில் கறுப்பு மேக்னடைட், வெளிறியது குவார்ட்ஸ். தூய மேக்னடைட்டில் 72 விழுக்காடு இரும்பு உண்டு. கல் முழுவதையும் எடுத்துக்கொண்டால் பாதிகூடத் தேறாது. அதனால் இதைத் தரம் குறைந்த தாது என்பார்கள். அந்தக் கணக்கில் கல் மட்டுமே இருக்கிறது, முற்காலத்தில் இதை உருக்கி இரும்பெடுத்தவர்களின் கைத்திறன் இல்லை. மேக்னடைட், குவார்ட்ஸைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனம். ஓடைகள் அரித்து வந்த கருமணலையோ இடித்துப் பொடித்த கல்லையோ நீரில் அலசினால் வெள்ளை மணல் அடித்துக்கொண்டு போகும், தாது அடியில் தங்கும். அதை மண் உலையில் அடுப்புக்கரியோடு இட்டு, துருத்தி ஊதி இரும்பாக்கினார்கள். அந்த இரும்பை ஆவாரங் குச்சியோடும் பச்சிலையோடும் மூசையில் அடைத்துக் காய்ச்ச, கரிமம் ஏறி எஃகானது.

இந்தத் தாதுவிலிருந்தே எஃகு கிடைத்தது என்றால் அந்தத் தொழில் ஏன் நின்றது என்று கேட்கலாம். 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய ஆலையும் சேலத்துத் தாதுவை நம்பியதுதான், அதுவும் நிலைக்கவில்லை. குறை தாதுவில் இல்லை, எரிபொருளில் இருந்தது. ஒரு பங்கு இரும்புக்குப் பல பங்கு அடுப்புக்கரி வேண்டும். அதற்குக் காடுகள் அழிந்தன. நிலக்கரியில் உருக்கிய இங்கிலாந்து இரும்போ மலிவாக வந்து இறங்கியது. பின்னர் சேலத்தில் எஃகுத் தொழில் மீண்டும் வந்தது: 1981இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளுக்குப் பெயர் பெற்றது. அதற்கும் கஞ்சமலைத் தாது பயன்படுவதில்லை.