ஊர் கொடுத்த பெஞ்சும் கூரை தரும் கரண்டும்

பழைய தென்னார்க்காட்டுப் பள்ளிக்கூடங்களில் சுவர்க்கடிகாரத்திலோ பீரோக் கதவிலோ ‘இன்னார் உபயம்’ என்று எழுதியிருக்கும். கோயிலில் உபயக்காரர் பெயர் எழுதும் பழக்கம் பள்ளிக்கூடத்துக்கும் வந்ததில் காமராஜர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்து முன்னின்று நடத்திய அந்த மாநாடுகள் 1958இல் கடம்பத்தூரில் தொடங்கி மாவட்டம் மாவட்டமாகப் போயின. பள்ளிக்கு என்னென்ன குறை என்று முதலில் பட்டியல் போடுவார்கள். ஒருவர் நிலம் தருவார், ஒருவர் ஓடு போட்டுத் தருவார், ஒன்றும் முடியாதவர் ஒரு கரும்பலகையாவது ஏற்றுக்கொள்வார். கொடுத்தவர் பெயரை ஊரறியச் சொல்வார்கள். அதுதான் அன்றைய ஊக்கத்தொகை. மதிய உணவிலும் இதே கணக்கு. ஒரு சாப்பாட்டுக்கு ஆகும் பத்து காசில் ஆறு காசு அரசு தரும், நான்கு காசு ஊர் தரும்.

அன்று அந்தப் பட்டியலில் மின்சாரத்துக்குப் பெரிய இடம் இருந்திருக்காது. ஓட்டுக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்தால் பகலுக்குப் போதும். ராத்திரி படிப்புக்கு அரிக்கேன் விளக்கு, அதற்கும் வழியில்லாத வீட்டில் சிமினி. தமிழ்நாடு மின்சார வாரியமே 1957இல் பிறந்ததுதான். 1962இல் அதே தென்னார்க்காட்டு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். 1960களிலேயே தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை மீட்டர்கேஜ் ரயிலுக்கு மேல் மின்கம்பி ஓடிவிட்டது. கம்பிக்குக் கீழே இருந்த கூரை வீடுகளுக்கு வெளிச்சம் வந்தது அதற்கும் வெகு காலம் கழித்து, குடிசைக்கு ஒரு விளக்கு என்ற திட்டத்தில்.

இங்கே கவனிக்க வேண்டியது, பள்ளிக்கூடம் ஊர்ப்பொதுவாக இருந்தது. கரண்டு எப்போதும் அரசு கொடுப்பதாகவே வந்தது. ஒரு விளக்கு, விவசாய பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம், 2016 மே முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எதையும் குறை சொல்லவில்லை. பம்புசெட் இல்லாவிட்டால் செஞ்சிப் பக்கத்து மானாவாரி நிலம் இன்னும் மானாவாரியாகவே கிடந்திருக்கும். ஆனால் கரண்டு எங்கிருந்து வருகிறது என்று ஊர் ஒருநாளும் கூடிப் பேச வேண்டியிருக்கவில்லை.

பேச வைத்தது மின்வெட்டு. 2012இல் சென்னைக்கு வெளியே மாவட்டங்களில் பாதி நாளுக்கு மேல் கரண்டு கிடையாது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் மெழுகுவத்தியில் படித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் சோலார் என்ற சொல் வீட்டுக்குள் வந்தது. 2011இல் அறிவித்த முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் ஆண்டுக்கு 60,000 வீடு, ஒவ்வொன்றும் 300 சதுர அடி, வீட்டுக்கு ஐந்து சோலார் விளக்கு. நல்ல யோசனை. ஆனால் ஈய அமில பேட்டரிக்கு ஆயுசு நாலைந்து வருஷம்தான். அது முடிந்ததும் புது பேட்டரி வாங்கக் கூலி வேலை செய்பவரிடம் காசு எங்கே இருக்கும்? கொடுத்த பொருளைப் பராமரிக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும், இது நம்முடையது என்ற எண்ணமும் வேண்டும். மூன்றும் பள்ளிக்கூட பெஞ்சுக்கு இருந்தன.

இப்போது நடப்பது வேறு ஆட்டம். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். ஃபோனிலேயே விண்ணப்பம், வங்கிக் கணக்கில் மானியம். விழுப்புரம் நகரத்தில் ஏசி வைத்த மாடி வீட்டுக்காரருக்கு இது கண்ணை மூடிக்கொண்டு சேர வேண்டிய திட்டம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு இதில் ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்கு ஏற்கெனவே பில்லே வராது. கூரை வீட்டுக்காரரும் வாடகைக்கு இருப்பவரும் இதில் சேர்வது கடினம். பேனலைத் தாங்கும் கூரை வேண்டும், அதன்மேல் உரிமையும் வேண்டும்.

கூரை வீட்டுப் பிள்ளைக்கும் கான்கிரீட் தளம் என்று ஒன்று உண்டு. அது அவன் படிக்கும் பள்ளிக்கூடத்தின் மேல் இருக்கிறது. இன்று அந்தத் தளத்துக்குக் கீழே கண்ணாடி ஓடு போதாது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறை என்று கரண்டு தின்னும் சாமான்கள் வந்துவிட்டன. மே மாதம் வெயில் உச்சத்தில் இருக்கும்போது பள்ளிக்கு விடுமுறை. அப்போது கூரை தருவதெல்லாம் மின்வாரிய கிரிடுக்கே போகும். வீட்டு மாடியை விடப் பள்ளி மாடி ஊருக்கு லாபம் என்பதற்கு இதைவிட என்ன கணக்கு வேண்டும்?

அரசு சும்மா இருக்கவில்லை. சுற்றுச்சூழல் துறை 2021இல் 25 பள்ளிகளைத் தலா 20 லட்சத்தில் பசுமைப் பள்ளிகளாக்குவதாக அறிவித்தது. சோலார் அதில் ஓர் அங்கம். 2022 டிசம்பரில், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் தொடங்கியது. ஆனால் கொடுப்பவர் மாறிவிட்டார். அன்று கொடுத்தவர் மூன்றாம் தெருக்காரர். இன்று கம்பெனி, அல்லது துபாயிலோ டெக்சாஸிலோ இருக்கும் முன்னாள் மாணவர். பணம் அதிகம்தான். ஊர் மட்டும் வேடிக்கை பார்க்கும் இடத்துக்குப் போய்விட்டது.

ஊரைத் திரும்ப உள்ளே இழுக்க ஒரு கயிறு ஏற்கெனவே இருக்கிறது. சூரிய வீடு திட்டத்தில், தன் எல்லைக்குள் போடப்படும் ஒவ்வொரு வீட்டு சோலாருக்கும் உள்ளாட்சி அமைப்புக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. மானியத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை. ஓர் ஊராட்சியில் 50 வீடு போட்டால் 50,000 ரூபாய். அதைத் தெருவிளக்குக் கணக்கில் கரைக்காமல், கிராம சபைத் தீர்மானம் போட்டுப் பள்ளிக்கூரைக்கென்று ஒதுக்கினால், ஒரு கிலோவாட் பேனலுக்குக் கிட்டத்தட்ட ஆகும். நான்கு வகுப்பறை, அறைக்கு இரண்டு மின்விசிறி, ஆறு மணி நேரம் ஓட அது போதும். ‘உங்கள் மாடியில் சோலார் போட்டால் உங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் காற்று வரும்’ என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்கள் வீடு வீடாகச் சொன்னால் எடுபடும். சோலார் கம்பெனி ஏஜென்ட் சொன்னால் கதவு திறக்காது.

வெளியே இதற்கு முன்மாதிரி உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1994இல் தொடங்கிய ஏற்பாட்டில், பள்ளி மிச்சப்படுத்தும் மின்சாரம், தண்ணீர், வெப்பச் செலவில் பாதி அந்தப் பள்ளிக்கே போனது. பிரிட்டனில் பள்ளிக்கூரை சோலாருக்கு ஊராரிடமே சிறு சிறு தொகையாகத் திரட்டினார்கள். நம் உபயத்துக்கு அண்ணன் தம்பி முறை. அவ்வளவு தூரம் போவானேன்? மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006இலேயே பெரும்பகுதி வங்கிக் கடனில் 1.55 கோடிக்கு 350 கிலோவாட் காற்றாலை வாங்கி, தன் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே வானூர் வட்டத்து ஆரோவில்லில் சோலார் கிச்சன் மாடியில் 15 மீட்டர் அகலக் கிண்ணம் இருக்கிறது. மரக்காணத்து உப்பளமோ யாருடைய மானியமும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வெயிலை அறுவடை செய்கிறது.

ஒரு எச்சரிக்கை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. பல கிராமங்களில் நாள் கணக்கில் கரண்டு இல்லை. ஜனங்கள் பள்ளிக்கூடங்களில் தங்கினார்கள். அன்று பள்ளி மாடியில் சாதாரண சோலார் இருந்திருந்தாலும் ஒரு பல்பு எரிந்திருக்காது. கிரிடில் கரண்டு போனால், கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்க இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். பேட்டரியும் அதற்கேற்ற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் இருந்தால்தான் ஃபோன் சார்ஜ் ஏறும், தண்ணீர் மோட்டார் ஓடும். புயல் பாதையில் இருக்கும் மாவட்டத்தில் பள்ளிக்கு இதைச் சேர்த்தே திட்டம் போட வேண்டும். பேட்டரி மாற்றும் காசுக்கு வருஷா வருஷம் கொஞ்சம் எடுத்து வைக்கவும் வேண்டும். பசுமை வீட்டில் பட்டது போதும்.

தீர்மானம் போட இங்கே ஆட்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது. விழுப்புரமோ 2021 அக்டோபரில் ஊரகத் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில் ஒன்று. அந்தத் தலைவர்களுக்கு 2026 அக்டோபர் வரை காலம் உண்டு. கிராம சபை கூடும் ஆறு நாட்களில் ஒன்று மே 1. பள்ளிக்கு அப்போது விடுமுறை. வெயிலும் உச்சத்தில் இருக்கும். கூட்டத்தை அந்தப் பள்ளி வராந்தாவிலேயே வைத்துக்கொண்டு, எத்தனை வீட்டில் சோலார் ஏறியிருக்கிறது, அந்த ஆயிரம் ஆயிரமாக வந்த பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று முதல் கேள்வி கேட்கலாம்.