‘கொஞ்சம் கழித்து’ என்றால் எப்போது?

ஆப்ஜெக்டிவ்-சியில் ஒவ்வொரு ஆப்ஜெக்டும், தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அல்லாக், நியூ, காப்பி ஆகிய பெயர்களில் தொடங்கும் மெத்தடால் வாங்கிய ஆப்ஜெக்ட் உங்கள் பொறுப்பு. ரீட்டெயின் அனுப்பினால் கணக்கு ஒன்று கூடும். ரிலீஸ் அனுப்பினால் ஒன்று குறையும். கடைசிப் பிடியும் விட்டதும் டீஅல்லாக் ஓடி, ஆப்ஜெக்ட் அழியும்.

சிக்கல் ஓரிடத்தில் வருகிறது. ஒரு மெத்தட் புதிதாக ஒரு ஸ்ட்ரிங்கை உருவாக்கி, கேட்டவரிடம் தரவேண்டும். தருவதற்கு முன்பே ரிலீஸ் செய்தால் கைக்கு வருமுன் அழிந்துவிடும். செய்யாமல் விட்டாலோ, வாங்கியவர் அதைத் தன் பொறுப்பாக நினைக்கமாட்டார், மெமரி கசியும். இதற்காகவே ஆட்டோரிலீஸ். ‘கொஞ்சம் கழித்து ஒரு ரிலீஸ் அனுப்பு’ என்று ஆப்ஜெக்டை ஆட்டோரிலீஸ் பூல் என்ற காத்திருப்புப் பட்டியலில் பதிந்து வைக்கிறது. வேண்டுமென்பவர் அதற்குள் ரீட்டெயின் செய்துகொள்ளலாம்.

அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு? பூல் காலியாகும் வரை. ஐபோன் செயலியின் மெயின் திரெட்டில், விரல் தொடுவது போன்ற ஒரு நிகழ்வைக் கையாளத் தொடங்கும்போது பூல் உருவாகும். கையாண்டு முடித்ததும் காலியாகும். பெரும்பாலும் இது கண்ணிமைக்கும் நேரம்தான்.

ஆனால் அந்த ஒரே தொடுகைக்குள் 500 புகைப்படங்களைச் சிறிதாக்கும் லூப் ஓடினால்? 4032-க்கு 3024 பிக்சல் படம் ஒன்று, பிக்சலுக்கு 4 பைட் வீதம், விரிந்தால் ஏறத்தாழ 49 எம்பி. வேலை முடிந்த படங்களும் பூலில் காத்துக் கிடக்கும். கசிவு எதுவும் இல்லை, கணக்கும் சரி. ஆனாலும் மெமரி ஏறிக்கொண்டே போய், ஐஓஎஸ் செயலியைக் கொன்றுவிடும். புதிதாக வருபவர்கள் இல்லாத கசிவைத் தேடி அலைவது இங்கேதான். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

2011-இல் வந்த ஆர்க் என்ற வசதி, ரீட்டெயினையும் ரிலீஸையும் கம்பைலரே எழுதும்படி செய்தது. பூலின் தேவை போகவில்லை. ஆப்பிளின் லைப்ரரிகள் உள்ளே ஆட்டோரிலீஸ் செய்யும் ஆப்ஜெக்டுகள் இன்றும் பூலுக்குத்தான் வருகின்றன. ஸ்விஃப்டில் எழுதினாலும் இதே நிலைதான்.

தீர்வு, ஆப்ஜெக்டிவ்-சியில் அட் குறியோடு தொடங்கும் ஆட்டோரிலீஸ்பூல் பிளாக். அதை லூப்பைச் சுற்றி வெளியே போட்டால் பயனில்லை. லூப்புக்கு உள்ளே, ஒவ்வொரு சுற்றையும் தழுவும்படி போடுங்கள். ஒரு படம் முடிந்ததும் அதன் மெமரி விடுபட்டு, அடுத்த படத்துக்கு இடம் கிடைக்கும்.