நான்கு மூலைச் சட்டம்: தச்சுவேலையின் முதல் பாடம்

அதியமானைப் பாடிய ஔவையார் புறநானூற்றிலே ஒரு தச்சனைக் காட்டுகிறார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்துவிடும் கைகாரன் அவன். அப்படிப்பட்டவன் ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் அது எப்படி இருக்கும்? அதைப் போன்றவன் எங்கள் தலைவன் என்கிறார். வீரத்துக்குச் சொன்ன உவமை இது. ஆனால் தொழில் தெரிந்தவர் வேகமாகவும் செய்வார், நிதானம் வேண்டிய இடத்தில் நிதானமாகவும் செய்வார் என்ற செய்தியும் இதற்குள் இருக்கிறது. இது எனக்குப் புரிய ஐம்பத்தாறு வயதானது. இடது கைக் கட்டைவிரலையும் அதற்கு விலையாகக் கொடுத்தேன்.

வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம் எங்களுடையது. 1984 முதல் தில்லி சாவ்ரி பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். உளி, ரம்பம், இழைப்புளி, திருகாணி என்று ஆயிரக்கணக்கில் விற்றிருக்கிறேன். விற்றேனே தவிர ஒன்றையும் கையில் பிடித்து வேலை செய்தவன் இல்லை. அந்த அறியாமையால் வந்த வினையையும், பிறகு முறையாகக் கற்றுக்கொண்டதையும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

படம் பிளந்த கதை

ஊரிலிருந்து கொண்டுவந்த என் தகப்பனார் படத்தின் சட்டம் 2015 மே மாதம், தில்லியின் அனல்காற்று வீசிய நாட்களில், மூலையில் வாய் பிளந்தது. அடுத்த வாரம் ஆணி கழன்று படம் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கிற்று. ‘நம்ம கடையில் இல்லாத சாமானா, நாமே செய்வோம்’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். புதிய உளி ஒன்றை எடுத்தேன். மரத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் உளியைத் தள்ளினேன். உளி வழுக்கி இடது கட்டைவிரலின் அடியில் இறங்கிவிட்டது.

அதைவிடப் பெரிய தவறு பிறகு செய்தது. மஞ்சள் வைத்துத் துணி சுற்றிக்கொண்டு மறுநாள் கடைக்குப் போய்விட்டேன். புண் ஆறிற்று, விரல் நுனி மட்டும் மடங்கவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் மருத்துவரிடம் போனேன். விரலை மடக்கும் நாண் அறுபட்டிருக்கிறது, உடனே வந்திருந்தால் தைத்திருக்கலாம், இப்போது அது சுருங்கிவிட்டது என்றார். நாற்பது வருஷம் நோட்டு எண்ணிய விரல் இன்றுவரை மடங்குவதில்லை.

குரு கிடைத்தார்

கடைக்கு வந்துபோகும் வயதான மிஸ்திரி ஒருவர் என் விரலைப் பார்த்துவிட்டு, “லாலாஜி, உளி போகிற பாதையில் கையை வைத்தீர்கள், இல்லையா?” என்றார். கத்தி போன திசையைத் தழும்பைப் பார்த்தே சொல்லிவிட்டார். அவரிடமே ஞாயிறுதோறும் கற்றுக்கொண்டேன்.

அவர் மொழி இந்தி. என் மொழி தமிழ். ஆனாலும் தச்சுக்கூடத்தில் இரண்டும் கை குலுக்கின. நம் இழைப்புளி அங்கே ரந்தா. ரம்பம் என்பது ஆரி. மூலைமட்டம் குனியா. விளிம்புக்கு இணையாகக் கோடு கிழிக்கும் கருவி கத்கஷ். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நம் ஆசாரிமார் ‘நூல்’ என்பார்கள். இவர்கள் ‘சூத்’ என்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் நெய்கிற நூல்தான். ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள இரண்டு தொழிற்கூடங்கள் ஒரே அளவுக்கு ஒரே பெயரை வைத்திருப்பதைக் கண்டு மகிழ்ந்துபோனேன்.

மரம் ஏன் அசைகிறது?

மிஸ்திரி முதலில் கற்பித்தது உளியை அல்ல, மரத்தை. மரம் வெட்டி வருஷங்கள் ஆனாலும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். நார் ஓடும் நீளவாக்கில் அது அசைவது மிகக் குறைவு. பச்சை மரம் முழுக்கக் காய்ந்தாலும் நீளத்தில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் குறையும். அகலவாக்கில் அப்படியில்லை; தேக்கு போன்ற அடக்கமான மரமே வளையத்தை ஒட்டிய திசையில் 5 சதவீதம் அளவுக்குச் சுருங்கும். தில்லியில் மே மாத வறட்சிக்கும் ஆகஸ்ட் மாத ஈரத்துக்கும் நடுவே மரம் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் கதவு இறுகுவது இதனால்தான்.

அப்பா படத்தின் சட்டம் 45 டிகிரி சாய்வாக அறுத்துச் சேர்த்தது. காயும்போது சட்டத்தின் அகலம் குறைகிறது, நீளம் குறைவதில்லை. அதனால் சாய்வின் கோணமே மாறி, உள்மூலையில் இடைவெளி விழுகிறது. இன்னொரு குறையும் உண்டு. சாய்வாக அறுத்த முகத்தில் நாரின் வாய்கள் திறந்திருக்கும். பசையை உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது. ஆணி ஒன்றுதான் அந்தப் படத்தைத் தாங்கியிருக்கிறது.

முதல் சேர்ப்பு: பாதிக்குப் பாதி

கற்பவருக்கு ஏற்றது பாதிக்குப் பாதி வெட்டிச் சேர்க்கும் மூலை. 2 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள சட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். கனம் 8 நூல். அதில் பாதி 4 நூல். ஒவ்வொரு சட்டத்தின் முனையிலும் 2 அங்குல நீளத்துக்கு 4 நூல் ஆழம் நீக்கி, ஒன்றின்மேல் ஒன்றை உட்கார வைத்தால் மூலை ஆயிற்று. பசை பிடிக்கும் பரப்பு 4 சதுர அங்குலம், அதுவும் நாரின் பக்கவாட்டில். அதே சட்டத்தைச் சாய்வாகச் சேர்த்தால் சுமார் 2.8 சதுர அங்குலம்தான் கிடைக்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நான்கு சட்டத்துக்கும் நல்ல முகம் எது என்று முதலில் குறியிட வேண்டும். கத்கஷை ஒருமுறை 4 நூலுக்கு வைத்துவிட்டு, நான்கிலும் அந்த நல்ல முகத்திலிருந்தே கோடு கிழிக்க வேண்டும். நிற்கும் சட்டம் இரண்டில் முன்பக்கத்தையும் படுக்கும் சட்டம் இரண்டில் பின்பக்கத்தையும் நீக்குங்கள். கோடு சரிபாதியில் இல்லாமல் சற்று விலகியிருந்தாலும், ஒன்றில் குறைந்தது மற்றதில் கூடி மேல்முகம் சமமாக உட்காரும்.

குறுக்குக் கோட்டைப் பென்சிலால் போடாமல் கூரிய கத்தியால் கீறுங்கள். நார் அங்கேயே அறுபடுவதால் விளிம்பு பிசிறாது. ரம்பத்தைக் கோட்டின்மேல் ஓட்டாமல், நீக்க வேண்டிய பக்கத்தில் ஓட்டுங்கள். ரம்பமே தன் பல்லின் கனத்துக்கு மரத்தைத் தின்றுவிடும். “கோடு நிற்கணும், மரம் போகணும்” என்பது மிஸ்திரி வாக்கு. மிச்சத்தை உளியால் இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கிச் சீவுங்கள். ஒரே பக்கமாகத் தள்ளினால் மறுபக்கம் பிய்ந்துவிடும்.

சேர்ப்பு கையால் அழுத்தினால் உட்கார வேண்டும். கொட்டாப்புளியால் அடித்தால்தான் போகும் என்றால் இறுக்கம் அதிகம். தானாக விழுந்தால் தளர்ச்சி.

பசையும் கோணமும்

எங்கள் ஊர் ஆசாரிமார் முன்பு வச்சிரம் காய்ச்சுவார்கள். அது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. வச்சிரம் போட்டு ஒட்டியதை என் தகப்பனார் பூஜை அறைக்குள் விடவே மாட்டார். இப்போது கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை செயற்கைப் பொருள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கவலை தீர்ந்தது.

பசையிட்டதும் கோணம் பார்க்க வேண்டும். முதல் சட்டத்தை 18 அங்குலம் அகலம், 24 அங்குலம் உயரம் என்று செய்யச் சொல்வேன். மூன்று, நான்கு, ஐந்து என்ற கணக்கில் அதன் மூலைவிட்டம் சரியாக 30 அங்குலம் வரும். இரண்டு மூலைவிட்டமும் 30 என்றால் நான்கு மூலையும் நேர்கோணம். ஒன்று நீண்டிருந்தால் அந்த மூலைகளை மெல்ல அழுத்தினால் நேராகிவிடும். பிறகு கிளாம்பு போட்டு ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

அடுத்த படி: துளையும் கழுந்தும்

இந்தச் சேர்ப்பு கை வந்தபின் துளையும் கழுந்தும் பழகலாம். இங்கே இதைச் சால், சூல் என்பார்கள். நம் ஊர் நிலைவாசலும் கதவும் நிற்பது இதில்தான். கழுந்தின் கனம் மரத்தின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கணக்கு எப்படி வந்தாலும் கையிலுள்ள உளியின் அகலமே துளையின் அகலம். துளையை முதலில் போட்டு, அதற்கேற்பக் கழுந்தைச் சீவ வேண்டும். கழுந்தைக் குறைப்பது எளிது, துளையைக் குறைக்க முடியாது. சட்டத்தின் நடுவே பலகை வைப்பதானால் காடியில் செருகிவிடுங்கள். அதற்குப் பசை போடாதீர்கள். பலகை ஆகஸ்டில் விரிந்து மே மாதம் சுருங்க அதற்கு இடம் வேண்டும்.

காயமின்றிக் கற்க

1. மரத்தைக் கையில் பிடிக்கக் கூடாது. மேஜையோடு கிளாம்பு போட்டு இறுக்குங்கள். இரண்டு கையும் உளியின் கூருக்குப் பின்னால் இருக்கட்டும். எதிரில் கை இல்லையென்றால் உளி வழுக்கினாலும் கவலையில்லை.

2. மழுங்கிய உளிதான் ஆபத்து. அதற்கு அதிக பலம் கொடுக்கிறோம், அந்த பலத்தோடு அது வழுக்குகிறது. கடையில் வாங்கும் உளி பெரும்பாலும் வேலைக்குத் தயாராக இருக்காது. முகத்தை 25 டிகிரிக்குச் சாணை பிடித்து, நுனியை 30 டிகிரிக்குக் கல்லில் தீட்ட வேண்டும்.

3. சுழலும் மின்கருவியில் கையுறை, தொங்கும் துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் மூன்றும் கூடாது. உலோகம் தேய்க்கும் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல்சக்கரத்தை மாட்டி, காப்புத் தகட்டையும் கழற்றி வேலை செய்வதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

4. மரத்தூள் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இல் வகைப்படுத்தியது. உப்புத்தாள் போடும்போது வெளிக்காற்றில் இருங்கள். முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள்.

5. வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். விரல் மடங்கவில்லை, மரத்துப்போகிறது, இரத்தம் நிற்கவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். என்னைப் போல் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம்.

விற்றவன் சொல்ல வேண்டிய வார்த்தை

முப்பது வருஷத்துக்கு மேல் தீட்டாத உளியைத் தாளில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். வாங்கிப்போனவர்களில் எத்தனை பேர் கையைக் கிழித்துக்கொண்டார்களோ, என் கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பத்தி இல்லை. உயிருக்கு ஊறு செய்யாதே என்று கேட்டு வளர்ந்தவனுக்கு இது பின்னால்தான் உறைத்தது. இப்போதெல்லாம் இளவயதினர் யாராவது உளி கேட்டால், “தீட்டத் தெரியுமா? கிளாம்பு இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொல்கிறேன். வியாபாரம் சற்றுத் தாமதமாகிறது, பரவாயில்லை.

அப்பா படத்துக்குப் பாதிக்குப் பாதி சேர்ப்பில் நானே சட்டம் போட்டேன். ஒரு மூலையில் அரை நூல் இடைவெளி இருக்கிறது. மிஸ்திரி அதைப் பார்த்துச் சிரித்தார், நான் மறைக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மே மாதங்கள் வந்துபோயின. படம் சுவரில்தான் இருக்கிறது. என் பெண் வயிற்றுப் பேரனுக்குப் பதினான்கு வயது. இந்தக் கோடை விடுமுறையில் அவனும் தன் முதல் சட்டத்தைத் தொடங்கியிருக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் உளியைப் பார்ப்பதில்லை, இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.